மாடுகள் செய்த ஸ்டிரைக்!

கொட்டகையில் குளிர் தாங்கவில்லை. மாடுகள் என்ன செய்தன தெரியுமா? அங்கே கிடந்த பழைய டைப்ரைட்டரில், சூடு தரும் மின்சாரப் போர்வை கேட்டுப் பண்ணைக்காரருக்குக் கடிதம் தட்டின! அவர் மறுக்க, 'பால் கிடையாது' என்று ஸ்டிரைக். கோழிகளும் சேர்ந்துகொள்ள, முட்டையும் கட்! வாத்து ஒன்று நடுவில் தூது போக, கடைசியில் போர்வை வந்து சேர்ந்தது.

டோரீன் குரோனின் எழுத, பெட்ஸி லெவின் படம் வரைந்து, 2000-ல் அமெரிக்காவில் வெளியான 'க்ளிக், க்ளாக், மூ' என்ற குழந்தைகள் புத்தகத்தின் கதை இது.

நிஜப் பண்ணைகளிலோ கதை வேறு! தொழிலாளர்களின் சங்க உரிமைக்குப் பாதுகாப்பு தந்த 1935-ம் வருட அமெரிக்கச் சட்டம், விவசாயக் கூலிகளை வெளியிலேயே நிறுத்திவிட்டது. திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் 1965-ல் தொடங்கி ஐந்து வருடம் போராடினார்கள். கலிஃபோர்னியா மாநிலம் தனிச் சட்டம் போட்டது 1975-ல்தான். அந்தப் பழைய தேசியச் சட்டத்துக்குள் விவசாயக் கூலிகளுக்கு இன்றும் இடமில்லை.

மாடுகளுக்கு ஒரு டைப்ரைட்டர் போதுமாக இருந்தது!