விழுதல் எச்சரிக்கை மணி

விழுதல் எச்சரிக்கை மணி என்பது மருத்துவமனைகளிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும், விழும் அபாயமுள்ள ஒருவர் படுக்கையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ துணையின்றி எழ முற்படும்போது பணியாளருக்கு ஒலியெழுப்பி அறிவிக்கும் கருவி ஆகும்.

வகைகள்

அழுத்த உணரித் திண்டு படுக்கையிலோ இருக்கையிலோ விரிக்கப்படும். உடல் எடை நீங்கியதும் மணி ஒலிக்கும். இழுகயிற்று வகை ஆடையில் கவ்வியால் பொருத்தப்படும். கயிறு இழுபட்டுக் காந்தம் கழன்றதும் ஒலிக்கும். அகச்சிவப்புக் கதிர் வகையும் உண்டு.

பாதுகாப்பான பயன்பாடு

இக்கருவி விழுதலைத் தடுப்பதில்லை; ஒருவர் எழத் தொடங்கியதை மட்டுமே அறிவிக்கிறது. எனவே பணியாளர் உடனே வந்து சேர இயலாத இடத்தில் இதனால் பயன் குறைவு. ஒவ்வொரு பணிமுறையின் தொடக்கத்திலும் மின்கலம், இணைப்பு, ஒலி ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். நோயாளரை மீண்டும் படுக்க வைத்தபின் மணி இயங்கு நிலையில் உள்ளதா எனப் பார்த்தல் இன்றியமையாதது. கழிவறைத் தேவை, தாகம், வலி முதலியவற்றாலேயே பலர் எழ முயல்கின்றனர். இவற்றை முன்கூட்டியே கேட்டறிந்து உதவுதல் வேண்டும்.

ஆய்வும் விதிகளும்

ஐக்கிய அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் 16 பிரிவுகளில் 27,672 நோயாளரிடையே நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், மணிகளின் பயன்பாடு கூடியபோதும் விழுதல்கள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஒலிக்கு அஞ்சி அசையாதிருப்போரும் உளர். இம்மணிகள் உடலைக் கட்டுப்படுத்தும் சாதனமாகவும் அமையக்கூடும் என அந்நாட்டின் 2017ஆம் ஆண்டு முதியோர் இல்ல வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது.