முன்சேர்க்கை எம்.பி.ஏ.

கல்லூரி இறுதியாண்டிலேயே மேலாண்மைப் பள்ளிக்கு விண்ணப்பித்து இடம்பெற்று, சில ஆண்டுகள் வேலை பார்த்தபின் வகுப்பில் சேரும் முறை. ஹார்வர்டு 2007-இல் அறிவித்த ‘2+2’ திட்டம் இதில் பெயர்பெற்றது. தேர்வானவர் குறைந்தது 2 ஆண்டு முழுநேரப் பணி செய்தாக வேண்டும். வேலையே பார்க்காதவரை எதை வைத்து எடைபோடுவது என்ற ஆட்சேபம் நியாயமானதே (மதிப்பெண் மட்டும் அதற்குப் போதாது). ஆனால் இங்கே முந்துவது தேர்வு மட்டும்தான், படிப்பு அல்ல. ஆலை மூடலைப் பற்றி வகுப்பில் வாதம் நடக்கும்போது, சம்பளப் பட்டியலைக் கையாண்டவர் பேச்சுக்குத் தனி எடை உண்டு. அத்தகைய பணி அனுபவத்தோடுதான் முன்சேர்க்கை பெற்றவரும் வந்து அமர்கிறார். இந்திய மேலாண்மைக் கழகங்களின் இரண்டாண்டுப் படிப்பிலோ, கேட் தேர்வில் தேறிய புதுப் பட்டதாரி நேரே நுழையலாம். அங்கே இடையில் வேலை பார்ப்பது கட்டாயமில்லை. முன்சேர்க்கையில் இன்னொரு நன்மையும் உண்டு: இடம் உறுதியானவர், விண்ணப்பத்தில் எடுப்பாகத் தெரியும் வேலையைத் தேடி அலையாமல், சிறு நிறுவனத்திலோ சொந்தத் தொழிலிலோ துணிந்து இறங்கலாம்.