தோட்டத்துப் பிள்ளையின் தளர்நடை

ஒன்றரை வயதாகியும் பிள்ளை நடக்கவில்லை, இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்று தோட்டப்புறத்துத் தாய் ஒருத்தி கவலைப்பட்டால், அந்நாளில் அவளுக்குக் கிடைத்த மறுமொழிகள் இரண்டே. 'பொறுத்துப் பேசும், அப்பன் வாகு' என்பது ஒன்று. 'மந்தப் பிள்ளை' என்பது மற்றொன்று. முதலாவது சில வேளை உண்மை. இரண்டாவது பல வேளை அநியாயம். அது ஏன் அநியாயம் என்பதை அறிய, நெகிரி செம்பிலானின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மாநிலத்தை அச்சுறுத்திய நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால் மரத்துப் போகும், நடை தளரும், முற்றினால் இதயம் சோர்ந்துவிடும். சீனத் தொழிலாளர் பலர் இதற்குப் பலியாயினர். தமிழர்க்கோ இது அரிதாகவே வந்தது. மாநில மருத்துவராயிருந்த பிராடன் இதைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. நம்மவர் உண்டது புழுங்கலரிசி. நோயின் வேர் சோற்றில்தான் இருக்கிறது என்று 1907இல் ஒரு நூலே எழுதினார். ஆனால் பச்சரிசியில் நஞ்சு உண்டாகிறது என்று கருதினார், அங்கே தவறிவிட்டார்.

அதே ஆண்டில் பிரேசர், ஸ்டேன்டன் என்னும் மருத்துவர் இருவர், ஜெலெபு வட்டாரத்தில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கிச் சோதனையைத் தொடங்கினர். பச்சரிசி உண்டோரையே நோய் பற்றியது. நஞ்சு ஏதுமில்லை; தவிட்டோடு ஒரு சத்துப் போய்விடுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதுவே வைட்டமின் பி1. நெல்லை அவிக்கும்போது அச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் இதை அறிந்தா புழுக்கினார்கள்? இல்லை, பழக்கம் காத்தது.

இதற்கும் மழலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 2003இல் இஸ்ரேலில் விற்ற ஒரு சோயாப் பால்மாவில் இந்தச் சத்து விடுபட்டுப் போயிற்று. அதை உண்டும் வெளிப்பார்வைக்கு நலமாகவே வளர்ந்த குழந்தைகளைச் சில ஆண்டுகள் கழித்துச் சோதித்தனர். மிகப் பலருக்கு மொழித்திறனில் குறை இருந்ததாக 2011இல் ஆய்வு வெளிவந்தது. தாயின் சோறு பிள்ளையின் நாவரைக்கும் செல்கிறது!

ஆனால் புழுங்கலரிசி மட்டும் போதவில்லை. மலேரியாவும் கொக்கிப்புழுவும் தோட்டத்து மக்களின் இரத்தத்தைக் குறைத்தன. இவற்றை ஆராய 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் குழுவொன்று மலாயாவிலும் பணியாற்றியது. இரத்தம் குறைந்த குழந்தை சோர்ந்து கிடக்கும். எழுந்து நிற்க எங்கே மனம் வரும்? ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அரிசி போய் மரவள்ளி வந்தது. ஆடவர் பலர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

இன்னொன்றும் உண்டு. அதை யாரும் நோயாக எண்ணியதில்லை. விடியுமுன் தாய் பெரட்டுக்குப் போக வேண்டும். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டு, ஆயாக் கொட்டகையில் விட்டு, பால்மரம் வெட்டப் போவாள். அங்கே வரிசையாகத் தூளிகள். ஒரு கிழவியின் பொறுப்பில் எத்தனையோ பிள்ளைகள். பால் கொடுப்பாள், துடைப்பாள், ஆட்டுவாள்; ஒவ்வொரு பிள்ளையிடமும் உட்கார்ந்து பேச அவளுக்கு ஏது நேரம்? தூளியில் கிடந்த பிள்ளைக்குத் தரையும் குறைவு, சொல்லும் குறைவு. ஆயாவை நாம் குறை கூறவில்லை. அவளுக்கு உதவியாக இன்னொருத்தியை வைக்கும் செலவைக் கணக்குப் பார்த்தவர்கள் வேறு.

நடை எல்லார்க்கும் ஒரே நாளில் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட அளவுப்படி, தனித்து நடப்பது 8 மாதத்திலும் வரலாம், 17 மாதம் கடந்தும் வரலாம். 18 மாதமாகியும் நடக்காத பிள்ளையை, 2 வயதாகியும் இரு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையை, அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சு வராத பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்பதை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.