தென்னைக்கும் குறிஞ்சிக்கும் அச்சுறுத்தல்: கேரள எல்லையில் பரவும் அயல் இனங்களைக் கட்டுப்படுத்துவது எப்படி?

தமிழக எல்லையை ஒட்டியுள்ள கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில், வெளிநாடுகளிலிருந்து வந்த பூச்சிகளும் தாவரங்களும் வேளாண்மைக்கும் காடுகளுக்கும் சவாலாக உள்ளன. பாலக்காட்டில் தென்னையைச் சுருள் வெள்ளை ஈயும், இடுக்கி மலைகளில் புல்வெளிகளைச் சீகை மரமும் பாதிக்கின்றன. ஓரிடத்தில் நிலைபெற்றுவிட்ட அயல் இனத்தை முற்றிலும் ஒழிப்பது அரிது. அவசர நடவடிக்கைகள் சில வேளைகளில் பாதிப்பை அதிகரிக்கவும் செய்கின்றன.

சுருள் வெள்ளை ஈ

மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் கண்டறியப்பட்டது. அதே காலகட்டத்தில் பாலக்காட்டிலும் காணப்பட்டது. ஓலைகளின் அடிப்புறத்தில் சுருள் வடிவில் முட்டையிடும் இப்பூச்சி, சாற்றை உறிஞ்சித் தேன் போன்ற கழிவை வெளியேற்றுகிறது. கீழ் ஓலைகளில் படியும் அக்கழிவின் மீது கரும்பூசணம் வளர்வதால் ஒளிச்சேர்க்கை தடைபடுகிறது. பாதிக்கப்பட்ட நாற்றுகளை இடம் மாற்றுவதும் பரவலுக்குக் காரணமாகிறது.

இதன் இயற்கை எதிரி, என்கார்சியா எனப்படும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. வெள்ளை ஈயின் இளம் பருவத்தில் முட்டையிட்டு அதனை அழிக்கிறது. ரசாயனப் பூச்சிக்கொல்லி தெளித்தால் இக்குளவியும் மடிவதால், வெள்ளை ஈ மீண்டும் பெருகும். எனவே, மஞ்சள் ஒட்டும் பொறி வைத்தல், ஓலைகளின் அடிப்புறத்தில் விசையுடன் நீர் பீய்ச்சுதல், ஒட்டுண்ணி உள்ள ஓலைத் துண்டுகளைப் பாதித்த மரங்களில் வைத்தல் ஆகிய முறைகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

முன்னுதாரணம்

அண்டை மாவட்டமான கோவையில் 2008-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரி, மரவள்ளி உள்ளிட்ட பயிர்களுக்கும் பரவியது. 2010-ஆம் ஆண்டு போர்ட்டோ ரிகோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசிரோபேகஸ் உள்ளிட்ட ஒட்டுண்ணிகள் வயல்களில் விடப்பட்ட பின்னர், அது கட்டுக்குள் வந்தது. மாவுப்பூச்சியைத் தவிர பிற உயிரினங்களைத் தாக்காதவையா என்பதைத் தனிமைப்படுத்திச் சோதித்த பின்னரே இத்தகைய ஒட்டுண்ணிகள் விடப்படுகின்றன.

இடுக்கியில் சீகை

ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சீகை மரம், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் தென்னிந்திய மலைகளில் நடப்பட்டது. இன்று வட்டவடை, மூணாறு பகுதிகளில் சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிகளை அது மூடிவருகிறது. மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு அளிக்கும் புல்வெளிகள் சுருங்குவது, மலை விவசாயிகளின் நீராதாரத்தையும் பாதிக்கக்கூடியது. வட்டவடை, கொட்டக்கொம்பூர் பகுதிகளில் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலை சரணாலயத்திலும் சீகையும் யூகலிப்டஸும் பரவியுள்ளன.

மரங்களை வெட்டுவது மட்டும் தீர்வாகாது. சீகை விதைகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிருடன் இருக்கும். காட்டுத்தீக்குப் பின் பெருமளவில் முளைக்கும். ஆகவே, அகற்றிய இடத்தில் உள்ளூர்ப் புல்லினங்களை நட்டு, முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்க வேண்டியுள்ளது.

வெளிநாட்டு நாற்றுகள், விதைகளின் வருகையை 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணை ஒழுங்குபடுத்துகிறது. உள்ளே வந்துவிட்டவற்றைப் பொறுத்தவரை, பாதித்த நாற்றுகளை வாங்காமல் தவிர்ப்பதும் புதிய பூச்சியைக் கண்டால் வேளாண் அலுவலரிடம் உடனே தெரிவிப்பதும் விவசாயிகள் செய்யக்கூடியவை. மலைப்பகுதியில் நீலக்குறிஞ்சி கடைசியாக 2018-ஆம் ஆண்டு பூத்தது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் அது, அடுத்து 2030-ஆம் ஆண்டு பூக்கும்போது எவ்வளவு புல்வெளி எஞ்சியிருக்கும் என்பது இப்பணிகளின் தொடர்ச்சியைப் பொறுத்தே அமையும்.