ரம்பம் செய்த குடும்பம்

ரம்பத்தைப் பற்றி எழுதினால் "இவர் ரம்பம் போடுகிறார்" என்று சொல்லத்தான் செய்வீர்கள். பரவாயில்லை. ஓய்வு பெற்றபின் பழைய தச்சுக் கருவிகளைப் பற்றிப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அப்படிப் படித்ததில் மனதில் தங்கியது அமெரிக்காவின் டிஸ்டன் குடும்பத்தின் கதை.

ஹென்றி டிஸ்டன் 1819-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1833-இல், பதினான்கு வயதில், தகப்பனாரோடும் சகோதரியோடும் பிலடெல்பியாவில் வந்து இறங்கினார். வந்த மூன்றாம் நாள் தகப்பனார் இறந்துவிட்டார். தெரியாத ஊர். பையன் ஒரு ரம்பப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தான். 1840-இல் சொந்தப் பட்டறை வைத்தபோது கையில் இருந்த முதல் 350 டாலர்.

அந்நாளில் நல்ல ரம்பம் என்றால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுச் சரக்குதான். டிஸ்டனுக்கு வேண்டிய எஃகும் இங்கிலாந்திலிருந்துதான் வரவேண்டும். போட்டிக்காரன் ஊரிலிருந்தே மூலப்பொருளை வாங்கி அவனோடு எப்படிப் போட்டியிடுவது? ரம்பத்தின் தகடு அதிகக் கடினமாக இருந்தால் பல்லை இருபுறமும் சாய்க்கும்போது ஒடிந்துவிடும். மெதுவாக இருந்தால் நாலு பலகை அறுப்பதற்குள் மழுங்கிவிடும். பதம் தன் கையில் இருக்கவேண்டும் என்றால் எஃகும் தன் உலையிலிருந்து வரவேண்டும். 1855-இல் டிஸ்டன் இங்கிலாந்துத் தொழிலாளர்களை வைத்துக்கொண்டு மூசையில் தானே எஃகு உருக்க ஆரம்பித்தார். அந்தக் கம்பெனி நிமிர்ந்தது அன்றைக்குத்தான் என்பது என் எண்ணம். 1861-இல் இறக்குமதி வரி உயர்ந்தது பின்னால் வந்த அதிர்ஷ்டம்.

1870-களில் ஆற்றோரமாக இருந்த டகோனி என்ற இடத்தில் நிலம் வாங்கி ஆலையைச் சிறிது சிறிதாக அங்கே மாற்றினார். தொழிலாளர்களுக்கு வீடுகளும் கட்டினார். ஆனால் அந்த மனைப் பத்திரங்களில் சாராயக்கடை கூடாது என்று எழுதி வைத்தார். கருணையா, கணக்கா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். முந்தின இரவு குடித்துவிட்டு வந்தவன் கையில் சுத்தியலைக் கொடுத்துத் தகட்டைச் சமன்செய்யச் சொல்ல முடியுமா!

ரம்பக் கைப்பிடியில் ஒரு பித்தளை வில்லை இருக்கும். மூத்த மகன் ஹாமில்டன் கூட்டாளியான பிறகு, 1865-இல், அதில் "டிஸ்டன் அண்ட் சன்" என்று வந்தது. 1871-இல் அது "அண்ட் சன்ஸ்" ஆனது. இன்றும் பழைய ரம்பம் சேர்ப்பவர்கள் அதன் வயதைக் கணக்கிடுவது இந்த வில்லையைப் பார்த்துத்தான்.

1878-இல் ஹென்றி காலமானார். பொறுப்பேற்ற ஹாமில்டனின் பார்வை வேறு பக்கம் போனது. 1881-இல் புளோரிடாவில் 40 லட்சம் ஏக்கரை, ஏக்கர் 25 சென்ட் வீதம், பத்து லட்சம் டாலருக்கு வாங்கினார். பெரும்பகுதி சதுப்பு நிலம். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு ஊர்கள் அமைக்கத் திட்டம். கால்வாய்கள் வெட்டப்பட்டன, கொஞ்சம் கரும்பும் விளைந்தது. 1893-இல் வந்த பொருளாதார நெருக்கடி அந்த முயற்சியை ஒடுக்கிவிட்டது. 1896-இல், 51 வயதில், அவரும் போய்விட்டார். அப்பா ஒரு தகட்டின் பதத்துக்கு அத்தனை கவலைப்பட்டவர். பிள்ளைக்கு ஒரு மாநிலமே போதவில்லை.

இருந்தும் ஆலை சாயவில்லை. தம்பிமார்களும் அவர்கள் பிள்ளைகளும் நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் கவசத் தகடு செய்தார்கள். அதற்கு முன்பே, 1930-களில், டிராக்டர் மேல் கவசம் பூட்டி ஒரு சின்ன டாங்கிகூடச் செய்து பார்த்தார்கள். அதில் சில ஆப்கானிஸ்தானுக்குப் போயின என்பது எனக்கு வேடிக்கையாகப் பட்டது.

போருக்குப் பின் மின்சார ரம்பம் பரவியது. கைரம்பம் வாங்குபவர்கள் குறைந்தார்கள். 1955-இல் குடும்பம் நிறுவனத்தை பிட்ஸ்பர்க்கின் எச்.கே. போர்ட்டர் கம்பெனிக்கு விற்றுவிட்டது. கைரம்பத் தயாரிப்பு பிறகு வேறு மாநிலத்துக்குப் போனது. டகோனியில் பழைய ஆலையின் ஒரு மூலையில் மட்டும், வேறு முதலாளிகளின் கீழ், எஃகுத் தகடு வேலை இன்னும் பல ஆண்டுகள் நடந்துகொண்டிருந்தது.