தெலுங்கு நாட்டில் ஒரு தமிழ்ப் பேராயர்

கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொண்டு பெரும்பாலும் உருவாக்கப்பட்ட நிலம் வெலிங்டன் தீவு. அலுவல் நிமித்தம் இங்கு வந்து தங்கும் தமிழருக்கு, ஆண்டுகள் பல கழிந்த பின்னரும், "நம் ஊர் வேறு" என்னும் எண்ணம் எளிதில் நீங்குவதில்லை. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் யாவரும் அறிந்த உணர்வே இது. அயல்மொழி நாட்டையே தம் நாடாக ஏற்றுக்கொண்ட தமிழர் ஒருவரின் வரலாறு, ஆதலின், நமக்குப் பயன் தருவதாகும். அவர்தாம் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1874 ஆகஸ்டு 17ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில், குருவானவர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் செயலாளரானார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் பொருளைக் கொண்டே தமிழகத்துக்கு ஊழியரை அனுப்பி வருவதைக் கண்டார். 'நம்மால் இயலாதோ?' என்ற வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. அதன் விடையாக, அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. ஆளும் பொருளும் நிர்வாகமும் இந்தியருடையனவாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் அதன் பணிக்களமாயிற்று.

பிறரை அனுப்பியதோடு அவர் அமையவில்லை. 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே அங்குச் சென்றார். முப்பது வயதைக் கடந்த பின்னர்த் தெலுங்கு கற்று, அம்மொழியிலேயே மக்களோடு பழகினார். 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், ஐரோப்பிய ஊழியர் இந்தியருக்கு உதவி செய்வது மட்டும் போதாது, அவரை நண்பராகவும் நடத்த வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அப்பேச்சு அவையில் சலசலப்பை உண்டாக்கியது.

இந்தியர் ஒருவரைப் பேராயராக்குவதற்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. ஆயினும், சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட்டின் ஆதரவோடு, 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் அபிஷேகம் பெற்றார். தொடக்கத்தில் சிறியதாயிருந்த அவரது மறைமாவட்டம் பின்னர் விரிவடைந்தது. ஆங்கிலேய ஊழியரும் அவருக்குக் கீழ்ப் பணிபுரியலாயினர்.

மாலர், மாதிகர் ஆகிய ஒடுக்கப்பட்ட மக்களே அவரது சபையின் பெரும்பான்மையோர். இவ்விரு பிரிவினரையும் ஒரே பந்தியில் அமர்த்துவதே அவருக்குக் கடினமான பணியாயிருந்தது. 1930களில் இத்தகைய மதமாற்றங்களைக் காந்தியடிகள் கடுமையாகக் கண்டித்தார். அசரியாவோ தம் கருத்தினின்று மாறவில்லை. தேச விடுதலையை விரும்பிய இருவரிடையே நிகழ்ந்த இக்கருத்து வேற்றுமை வரலாற்றில் மறைக்கத்தக்கதன்று.

1939-இல் தோர்ணக்கல்லில் அவர் எழுப்பிய பேராலயத்தில் கோயில் தூண்களின் சாயலும் மசூதிக் குவிமாடங்களின் சாயலும் ஒருங்கே அமைந்துள்ளன. பல சபைகளை ஒன்றிணைக்க அவர் நெடுங்காலம் உழைத்தார். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானதைக் காண அவர் இருக்கவில்லை. 1945 ஜனவரி 1ஆம் நாளே காலமானார். திருநெல்வேலியில் பிறந்த அவரது உடல், இன்று தெலங்கானாவிலுள்ள அதே தோர்ணக்கல் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.