உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் நினைவகக் குப்பை: ஒரு வரலாற்று நோக்கு

கணனியின் வரலாற்றை எழுதுவோர் அதன் கணிக்கும் வேகத்தையே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்வர். வாசிக்கப்பட்ட தரவை நினைவகத்தில் எங்கே வைப்பது, வேலை முடிந்தபின் அவ்விடத்தை மீட்பது யார் பொறுப்பு என்னும் வினாக்கள் அத்துணை கவனம் பெற்றதில்லை. ஆயினும் செய்நிரல் மொழிகள் சென்ற பாதையை இவ்வினாக்கள் பலமுறை திருப்பியுள்ளன.

குப்பை சேகரிப்பு என்னும் தொடர் லிஸ்ப் மொழியோடு பிறந்தது. மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 1958ஆம் ஆண்டு ஜோன் மக்கார்தி தொடங்கிய இம்மொழி ஐ.பீ.எம். 704 கணனியில் இயங்கியது. பட்டியல்களை ஆக்கியும் கைவிட்டும் செல்வது அதன் இயல்பு. ஒவ்வொரு நினைவக அறையையும் எத்தனை பட்டியல்கள் சுட்டுகின்றன என எண்ணி வைக்கலாமெனில், 36 பிட் கொண்ட அறையில் எஞ்சியிருந்தவை 6 பிட்களே; அவையும் ஓரிடத்தில் இருக்கவில்லை. எனவே இடம் தீரும்வரை காத்திருந்து, பயனிலுள்ளவற்றைக் குறியிட்டு, ஏனையவற்றை ஒருசேர மீட்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. 1960இல் வெளியான மக்கார்தியின் கட்டுரை இம்முறையை விளக்குகின்றது. ஆயின் குப்பை என்ற சொல் அதில் இல்லை. ஆய்வுகூடப் பேச்சில் வழங்கிய சொல் அச்சேறக் கூசியது போலும்.

இக்குப்பை சேகரிப்பான் பொதுமக்கள் முன் முதன்முதலாகத் தோன்றியதே ஒரு வெளியீட்டு விபத்தினால் ஆகும். தொழில் நிறுவனங்களின் பிரதிநிதிகளுக்காக லிஸ்ப் மொழியின் நேரடி விளக்கம் ஒன்று ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. பார்வையாளர் நான்காம் மாடியில் தொலைக்காட்சித் திரை முன் அமர்ந்திருக்க, மக்கார்தி கீழே கணனி அறையிலிருந்து ஒலிவாங்கியில் விளக்கிக்கொண்டிருந்தார். திடீரெனத் தட்டச்சுப் பொறி, குப்பை சேகரிப்பான் அழைக்கப்பட்டதாக அறிவித்து, எத்தனை அறைகள் குறியிடப்பட்டன, எத்தனை மீட்கப்பட்டன என ஒரு முழுப்பக்கப் புள்ளிவிபரத்தை அச்சிடத் தொடங்கியது. விரைவான வரி அச்சுப்பொறிக்கென எழுதப்பட்ட அச்செய்தி, செக்கனுக்குப் பத்து எழுத்து வீதம் நகர்ந்தது. முந்திய ஒத்திகையின் எச்சங்கள் நினைவகத்திலிருந்து அகற்றப்படாமையே காரணம். சபையும் பேச்சாளரும் சிரிப்பில் ஆழ, நேரம் முடிந்தது. 1978இல் மக்கார்தி எழுதிய லிஸ்ப் வரலாற்றில் இதனை அவரே பதிவு செய்துள்ளார்.

இதற்கு நேர்மாறான மரபு 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்து யூனிக்ஸில் உருவாயிற்று. அங்கு தரவை வாசிக்க விரும்பும் செய்நிரலே அதனை ஏற்கும் கலத்தையும் கொணர வேண்டும். இடையகம் எனப்படும் இக்கலத்தை ஒருமுறை ஒதுக்கினால் ஆயிரம்முறை நிரப்பலாம், குப்பை சேர்வதில்லை. ஆயின் சீ மொழியின் கெற்ஸ் என்னும் உள்ளீட்டுச் செயற்கூறு கலத்தைக் கேட்டதேயன்றி அதன் கொள்ளளவைக் கேட்கவில்லை. 1988 நவம்பர் 2ஆம் திகதி இணையத்தில் பரவிய மொரிஸ் புழு, கணனிகளுட் புகுந்த வழிகளில் இதுவும் ஒன்று.

1996இல் வெளிவந்த ஜாவா எல்லை மீறலைத் தடுத்தது. குப்பை சேகரிப்பையும் மொழியின் அங்கமாக்கியது. ஒரு வரியை வாசித்தால் மாற்றவியலாத புதிய சரம் ஒன்று கையில் வந்து சேரும். இவ்வசதிக்கு விலை இருந்தது. அவ்வாறு வாசிக்கப்பட்ட ஒவ்வொரு வரியின் சரமும் தனக்கெனத் தனி எழுத்து அணியைச் சுமந்தது; ஆகவே 10 இலட்சம் வரிகளை வாசித்த செய்நிரல் குறைந்தது 20 இலட்சம் பொருள்களை ஆக்கியது. அவற்றுட் பெரும்பாலானவை மறுகணமே பயனற்றன. அவற்றை அகற்றும்வரை செய்நிரல் நின்றது. தனி ஒருவரின் பணியில் இத்தாமதம் பெரிதன்று. பல்லாயிரம் பேருக்கு விடையளிக்கும் சேவையகத்தில் அவ்வாறு கூறவியலாது.

2002இல் வெளியான ஜாவா 1.4 இதற்கு மாற்று ஒன்றைத் தந்தது. யூனிக்ஸ் போன்று, அழைப்பவரே பைட் இடையகத்தைக் கொடுத்து மீண்டும் மீண்டும் நிரப்பலாம். இம்முறை கொள்ளளவு காவல் செய்யப்பட்டது. சேகரிப்பான் பொருள்களை இடம் மாற்றக்கூடுமாதலால், அதன் ஆட்சிக்குட்பட்ட அணியை இயக்க முறைமையிடம் நம்பி ஒப்படைத்தல் கடினம். ஆகவே தரவை இடையில் ஒருமுறை பிரதி செய்ய நேர்ந்தது. அவ்வாட்சிக்கு வெளியே ஒதுக்கப்படும் நேரடி இடையகம் இப்பிரதியைத் தவிர்த்தது.

ஆயினும் இடையகத்தைத் துப்புரவாக்கும் கட்டளை, பெயர் உணர்த்துவது போன்று எதனையும் அழிப்பதில்லை. நிலைச் சுட்டிகளை மட்டுமே தொடக்கத்துக்கு மீட்கின்றது. பழைய தரவு, புதியது மேலெழுதும்வரை அங்கேயே கிடக்கும். இவ்வுண்மையின் கனம் 2015இல் ஜாவாவில் எழுதப்பட்ட ஜெட்டி இணையச் சேவையகத்தில் வெளிப்பட்டது. தகாத எழுத்தொன்று அடங்கிய வேண்டுகோளை அனுப்பியவருக்கு, அச்சேவையகம் பிழைச்செய்தியோடு தன் பொது இடையகத்தின் உள்ளடக்கத்தையும் சேர்த்தனுப்பியது. முன்னர் அதே கலத்தின் வழியே சென்ற பிறருடைய வேண்டுகோளின் பகுதிகள் அதில் இருந்தன. கடவுச்சொல்லும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிய கலம் ஒதுக்கிக் குப்பையை வளர்த்திருந்தால் இத்தவறு நேர்ந்திராது. 9.2.9ஆம் பதிப்பில் குறை திருத்தப்பட்டது. கலங்களை மீளப் பயன்படுத்தும் முறையோ கைவிடப்படவில்லை.